வேர்நுனியில் அறுந்த வடம்

2022ஆம் ஆண்டு, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் மண்ணைத் தோண்டினார்கள். மேல் அடுக்கில் செங்கல் கட்டுமானமும் பானை ஓடுகளும் கிடைத்தன. இன்னும் கீழே போனபோது, சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்தன. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ அங்கே உட்கார்ந்து கல்லைச் செதுக்கி ஆயுதம் செய்திருக்கிறார்கள். இன்று அதே வட்டாரத்தில் காரும் லாரியும் பைக்கும் செய்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, இன்று நாமும் ஒரு குழி தோண்டப் போகிறோம். நமக்கு இரண்டு விரற்கடை ஆழம் போதும். வெளியே எடுக்கப் போவது ஒரு புல்லின் வேர்.

வடக்குப்பட்டுப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம்.

"மாமா, கடலை போட்ட மறுநாளே தாத்தா களை மருந்து அடிச்சாரு. பத்து நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தா, புல்லு முளைச்சுதான் இருந்துச்சு. ஆனா வளரவே இல்ல. அப்படியே குட்டியா நின்னுபோச்சு. மருந்து அடிச்சா செத்துதானே போகணும்? ஏன் முளைச்சுது? முளைச்சது ஏன் வளரல?"

எவ்வளவு நல்ல கேள்வி! "பதில் மண்ணுக்குள்ள இருக்கும்மா, ஒண்ணைப் பிடுங்கு" என்றேன். ஈர மண்ணோடு ஒரு புல்லைப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்தாள். மருந்து படாத வரப்பில் இருந்து பிடுங்கிய இன்னொரு புல்லையும் பக்கத்தில் வைத்தோம்.

வரப்புப் புல்லின் வேர் வெள்ளை நூல் மாதிரி மெல்லியதாக, நீளமாக, பக்கவேர்களோடு இருந்தது. வயல் புல்லின் வேரோ ஒரு நகத்தின் நீளம்கூட இல்லை. நுனி மட்டும் தடித்து உருண்டிருந்தது. அவள் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பீமன் கையில இருக்கிற கதை மாதிரி இருக்கு மாமா!"

அந்தக் கதாயுதத்துக்குள் நடந்தது என்ன? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வேர் எந்த இடத்தில் வளர்கிறது?

உங்கள் தலைமுடி அடியில் இருந்து வளர்கிறது. நகமும் அப்படித்தான். வேர் இதற்கு நேர்மாறு. அது நுனியில் வளர்கிறது.

வேரின் கடைசி முனையில் ஹெல்மெட் போல ஒரு கவசம் இருக்கும். அதன் பெயர் வேர்மூடி. மண்ணைக் குடைந்துகொண்டு போகும்போது அடி வாங்குவது அதுதான். அதற்குச் சற்று மேலே, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதை ஆக்குத்திசு என்பார்கள். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நாலாகும். அங்கே பிறந்த செல்கள் பிறகு நீள்கின்றன. அவை நீள நீள, வேர்நுனி முன்னால் தள்ளப்பட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆலமரத்தின் வேரானாலும் அருகம்புல்லின் வேரானாலும், அது கீழே போவது இந்தச் சின்ன இடத்தின் உழைப்பால்தான்.

ஆகவே ஒரு செடியை வளரவிடாமல் நிறுத்த வேண்டுமானால், செடி முழுவதையும் எரிக்கத் தேவையில்லை. இந்த இரண்டு மில்லிமீட்டரில் கை வைத்தால் போதும்.

செல்லுக்குள் ஒரு தேரோட்டம்

ஒரு செல் இரண்டாகப் பிரிவது, ஒரு தோசையை இரண்டாகப் பிய்ப்பது போல எளிதான வேலை இல்லை. செல்லுக்குள் குரோமோசோம்கள் இருக்கின்றன. அந்தச் செடி எப்படி வளர வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் அவற்றில்தான் உள்ளன. வெங்காயச் செல்லில் 16 குரோமோசோம்கள், நெல்லில் 24, வேர்க்கடலையில் 40, மனிதரில் 46. புதிதாகப் பிறக்கும் இரண்டு செல்களுக்கும் முழுக் குறிப்பும் வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது, கூடவும் கூடாது.

அதனால் செல் முதலில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. அசலும் நகலும் இடுப்பில் ஒட்டியபடியே இருக்கும். பிறகு செல்லின் இரண்டு பக்கத்தில் இருந்தும் மெல்லிய இழைகள் வந்து அந்த இணைகளைப் பற்றிக்கொள்ளும். அவை இழுக்க இழுக்க, எல்லா இணைகளும் செல்லின் நடுவே வரிசையாக வந்து நிற்கும். அந்த இழைகளுக்குக் கதிர்கோல் இழைகள் என்று பெயர்.

காஞ்சிபுரத்தில் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுத்தால்தான் தேர் நகரும். குரோமோசோமுக்கும் அப்படித்தான். இங்கே ஒரு வித்தியாசம்: ஒவ்வொரு இணைக்கும் இரண்டு பக்கமும் வடம். ஒட்டியிருந்த இரண்டும் பிரிந்ததும், அசல் ஒரு பக்கம் போகும், நகல் எதிர்ப்பக்கம் போகும். வெங்காயம் என்றால் இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 16. பிறகு நடுவில் ஒரு சுவர் எழும்பும். ஒரு வீடு இரண்டு வீடாகிவிடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் ஃபிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களில் இந்தக் காட்சியை நுணுக்கமாகப் பார்த்து, 1882இல் இதற்கு 'மைட்டாசிஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'மைட்டோஸ்' என்றால் நூல்.

அந்த வடம் எதனால் ஆனது தெரியுமா? டியூபுலின் என்ற புரதத்தால். மணியை மணியோடு சேர்த்து மாலை கோப்பது போல, டியூபுலின் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நுண்குழல் ஆகின்றன. ஒரு நுண்குழலின் தடிமன் 25 நானோமீட்டர். உங்கள் தலைமுடியைவிடச் சுமார் மூவாயிரம் மடங்கு மெல்லியது! வேலை வரும்போது மணிகள் சேர்ந்து வடம் ஆகும். வேலை முடிந்ததும் கழன்று மணிகளாகிவிடும்.

மருந்து கை வைக்கும் இடம்

கடலை வயலில் தாத்தா அடித்த மருந்தின் பெயர் பெண்டிமெத்தலின். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும். துணியில் பட்டால் கறை போகாது. விதைத்து மூன்று நாளுக்குள், களை முளைக்கும் முன்பே ஈர மண்ணின் மேல் தெளிப்பார்கள்.

இந்த மருந்து டியூபுலின் மணியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. மருந்து ஒட்டிய மணி மற்ற மணிகளோடு சரியாகக் கோத்துக்கொள்ளாது. புதிதாக மாலை நீளாது. ஏற்கெனவே இருந்த மாலையும் கழன்றுபோகும். குரோமோசோம்கள் நகல் எடுத்துவிட்டன, தயாராக நிற்கின்றன. ஆனால் இழுக்க வடம் இல்லை. தேர் நிலையிலேயே நின்றுவிடுகிறது.

நுனி ஏன் கதாயுதம் போலத் தடித்தது என்று கேட்பீர்கள். நுண்குழல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செல்லின் ஓரத்தில் பீப்பாயைச் சுற்றிய பட்டைகள் போல அவை வரிசையாக இருந்து, செல்சுவரின் இழைகளை எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று வழிகாட்டுகின்றன. அந்தக் கட்டு இருப்பதால்தான் செல் பக்கவாட்டில் ஊதாமல் நீளமாக வளர்கிறது. கட்டு அறுந்தால்? செல் நாலாபக்கமும் ஊதிக்கொள்ளும். நீள வேண்டிய வேர் வீங்கிவிடும்.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விதைக்குள் ஏற்கெனவே இருந்த செல்கள் தண்ணீர் குடித்து நீண்டதால் புல் முளைத்தது. புதிய செல்கள் பிறக்காததால் அது வளரவில்லை. வேர் கீழே இறங்காததால் ஈரத்தை எட்ட முடியவில்லை. மேல்மண் காய்ந்ததும் அது வாடிவிடும்.

"அப்ப கடலைச் செடி மட்டும் எப்படித் தப்பிச்சுது?" இதையும் அவள் விடவில்லை.

அதற்கும் விடை மண்ணில்தான் இருக்கிறது. பெண்டிமெத்தலின் தண்ணீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மில்லிகிராம்கூடக் கரையாது. மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மேல்மண்ணிலேயே ஒரு போர்வை போலத் தங்கிவிடும். புல் விதைகள் பொடிப்பொடியானவை. மேலாக இருப்பவைதான் முளைக்கும். முளைத்ததும் போர்வைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடலை விதையை நாம் நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடுகிறோம். அதன் வேர் போர்வைக்குக் கீழே பிறந்து கீழேயே போகிறது. விதையை மேலாகப் போட்டுவிட்டாலோ, அளவுக்கு மேல் மருந்து அடித்தாலோ, பயிரின் வேரும் கட்டையாகிவிடும். ஒரு விரற்கடை ஆழம்தான் பயிரையும் களையையும் பிரிக்கிறது!

நெல் வயலில் போடும் பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் மருந்துகளும் செல் பெருகுவதைத்தான் தடுக்கின்றன. ஆனால் அவை வடத்தைத் தொடுவதில்லை. மிக நீளமான ஒரு வகைக் கொழுப்பு அமிலங்களைச் செடி செய்யவிடாமல் தடுக்கின்றன. இரண்டு செல்களுக்கு நடுவே எழும்ப வேண்டிய சுவருக்கு அந்தக் கொழுப்பு தேவை. அது இல்லாவிட்டால், சிமெண்ட் வராத கட்டட வேலை போல எல்லாம் பாதியில் நிற்கும். கிளைபோசேட் வேறு வகை. அது இலை வழியாக உள்ளே போய், புரதத்துக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைச் செய்யும் வேலையை நிறுத்துகிறது. எல்லாவற்றையும் 'களை மருந்து' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒவ்வொன்றும் கை வைக்கும் இடம் வேறு.

செங்காந்தளும் வெங்காயமும்

வடத்தை அறுக்கும் வித்தையை மனிதர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பூச்செடி தெரிந்துவைத்திருந்தது. அது நம் தமிழ்நாட்டின் மாநில மலர், செங்காந்தள்! கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் அதைக் கண்வலிக்கிழங்கு என்று அழைத்து, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்த விதையில் கோல்சிசின் என்ற பொருள் இருக்கிறது. மூட்டுகளில் யூரிக் அமிலம் சேர்ந்து வலிக்கும் கௌட் நோய்க்கு மருத்துவர்கள் அதை மிகச் சிறிய அளவில் கொடுக்கிறார்கள். அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். ஆகவே அந்தச் செடியின் கிழங்கையோ விதையையோ வாயில் வைக்கவே கூடாது.

கோல்சிசினும் டியூபுலினோடு ஒட்டித்தான் வடத்தைக் குலைக்கிறது. 1938இல் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான், வெங்காய வேரை கோல்சிசின் கரைசலில் வைத்துப் பார்த்தார். குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டியபடி, போக வழியில்லாமல் செல்லுக்குள் சிதறிக் கிடந்தன. வேர்நுனிகள் வீங்கின. அவர் கண்டதும் நம் கடலை வயலில் கண்ட அதே கதாயுதம்தான்! அன்று முதல், ஒரு பொருள் செல் பிரிவதைக் கெடுக்குமா என்று அறிய வெங்காய வேரையே சாட்சியாக வைத்துப் பரிசோதிக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. களைக்கொல்லிகளையும் ஆலைக் கழிவுநீரையும் இன்றும் இப்படிச் சோதிக்கிறார்கள். அதே லெவான், ஜோ ஹின் ட்ஜியோ என்ற அறிஞரோடு சேர்ந்து, மனிதச் செல்லில் இருப்பது 46 குரோமோசோம்கள் என்று 1956இல் உலகுக்கு அறிவித்தார். அதுவரை 48 என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மிடமும் அப்படி ஒரு மேதை இருந்தார். ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்தவர். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளை எல்லாம் தொகுத்து 1945இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அங்கே விஸ்லி என்ற தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கோல்சிசினை இட்டார். என்ன நடக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். நகல் எடுத்தாயிற்று, இழுக்க வடம் இல்லை. எல்லாக் குரோமோசோம்களும் ஒரே செல்லில் தங்கிவிடும், எண்ணிக்கை இரட்டிக்கும். மருந்தின் வேகம் தணிந்ததும் அந்தச் செல் மறுபடி பெருகத் தொடங்கும். அப்படி ஒரு புது வகை மக்னோலியா கிடைத்தது. அதற்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அவர் பணியாற்றியது எங்கே தெரியுமா? மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில். ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. 1984இல் மறையும்வரை அவர் செடிகளை விட்டு விலகவே இல்லை.

வடம் அறுவது ஒன்றுதான். வயலில் களையை அடக்கியதும், தோட்டத்தில் புதுப் பூவைத் தந்ததும் அதே வித்தை. எவ்வளவு கொடுக்கிறோம், எங்கே கொடுக்கிறோம், எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புல் சும்மா இருக்குமா?

கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான ஒரு களைப்புல் உண்டு. அமெரிக்காவின் பருத்தி வயல்களில் ஆண்டுக்கணக்காகப் பெண்டிமெத்தலின் வகை மருந்தையே அடித்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் புல் மருந்துக்கு அசையவில்லை. காரணத்தை 1998இல் கண்டுபிடித்தார்கள். டியூபுலின் மணி ஒவ்வொன்றும் சுமார் 450 அமினோ அமிலங்கள் கோத்தது. அவற்றில் 239ஆவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது! பூட்டின் ஒரு பல் மாறினால் பழைய சாவி பொருந்தாது, இல்லையா? மருந்தால் அந்த மணிகளின் மாலையைக் குலைக்க முடியவில்லை.

அதனால்தான் ஒரே மருந்தை வருடா வருடம் அடிக்காதீர்கள் என்று வேளாண் அறிஞர்கள் சொல்கிறார்கள். பயிரை மாற்றிப் போடுவது, கைக்களை எடுப்பது, நெல் வயலில் கோனோவீடர் என்ற களைக்கருவியை ஓட்டுவது எல்லாம் இதற்குக் கைகொடுக்கும்.

அந்தச் சிறுமியின் தாத்தாவும் ஒன்று சொன்னார்: "முன்னெல்லாம் இருபது பேரு வரிசையா உக்காந்து களைக்கொத்தால களை எடுப்பாங்க தம்பி. இப்ப விடியறதுக்குள்ள கம்பெனி பஸ்ஸு வந்து எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போயிடுது. நான் ஒருத்தன் என்ன பண்றது?" அவர் சொல்வது நியாயம். மருந்து அடிப்பவரைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. அது என்ன செய்கிறது என்று அவரும் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பச்சைச் சாய்சதுரம்

மருந்து டப்பாவின் மேல் சாய்சதுரமாக ஒரு வண்ணக் குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. வாய் வழியாகவோ தோல் வழியாகவோ உடம்புக்குள் போனால் எவ்வளவு ஆபத்து என்பதை வைத்துத்தான் இந்த நிறம். பச்சை என்றால் 'நஞ்சே இல்லை' என்று பொருள் இல்லை. மீனுக்கு அது என்ன செய்யும் என்பதையும் அந்த நிறம் சொல்வதில்லை. பெண்டிமெத்தலினும் பூட்டாகுளோரும் மீன்களுக்குக் கடுமையான நஞ்சு.

காஞ்சிபுரம் பக்கம் எங்கு திரும்பினாலும் ஏரி. மருந்து தெளித்த டேங்கை ஏரியிலோ கால்வாயிலோ கழுவக் கூடாது. காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. வீட்டில் இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

செய்து பாருங்கள்

வெங்காய வேர் சாட்சி சொல்வதை நீங்களும் பார்க்கலாம். களை மருந்தைத் தொடவே வேண்டாம். அது இல்லாமலே செய்யலாம்.

ஒன்பது வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் காய்ந்த பழைய வேர்களை மட்டும் சுரண்டிவிடுங்கள். ஒன்பது டம்ளர்களில், மூன்றில் குடிநீர், மூன்றில் டம்ளருக்கு ஒரு சின்ன ஸ்பூன் உப்பு கரைத்த தண்ணீர், மூன்றில் பெரியவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏரித் தண்ணீர். ஒவ்வொரு வெங்காயத்திலும் ஈர்க்குச்சிகளைக் குத்தி, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்கார வையுங்கள். அதே வகைத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மாற்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஐந்து நாளுக்கு, நாள்தோறும் மிக நீளமான வேரை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு வெங்காயத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அதற்காகத்தான் மும்மூன்று. பூதக்கண்ணாடியால் நுனியைப் பாருங்கள். வெள்ளையாக, கூராக, நேராக இருக்கிறதா? பழுப்பாக, தடித்து, கொக்கி போல வளைந்திருக்கிறதா? வேர் குட்டையாக இருந்தால் தண்ணீரில் ஏதோ அதற்கு ஒவ்வவில்லை என்று தெரியும். அது உப்பா, சோப்பா, மருந்தா என்று வேர் சொல்லாது. அதை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேல்வகுப்புக்குப் போனதும் உங்கள் ஆசிரியர் அந்த வேர்நுனியை வெட்டி, அமிலத்தில் இளஞ்சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடி வில்லையின் மேல் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக் காட்டுவார். நுண்ணோக்கியில் கண்ணை வையுங்கள். செங்கல் அடுக்கியது போலச் செல்கள். பெரும்பாலானவற்றில் சிவந்த ஒரு பொட்டு. அங்கங்கே ஒன்றில் மட்டும், பொட்டு கலைந்து நூல் நூலாக. இன்னொன்றில் நூல்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும். வேறொன்றில் இரண்டு சீப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது போல, இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். வடம் பிடித்து இழுக்கும் அந்த நொடி அப்படியே உறைந்து நிற்கும்.

வடக்குப்பட்டுப் பக்கத்துச் சிறுமி இப்போது தன் வீட்டு ஜன்னலில் ஒன்பது டம்ளர் வைத்திருக்கிறாள். போன வாரம் போனபோது நோட்டைக் காட்டினாள். ஏரித் தண்ணீருக்கு எதிரே, முதல் நாள் எண்ணை எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: 'தாத்தா இனிமே டேங்கை வயலிலேயே கழுவுறேன்னு சொல்லிட்டார். அடுத்த மாதமும் அளக்கணும்.'